கட்டடம் நின்றது, மருத்துவமனை நின்றுபோனது

1971 பிப்ரவரி 9 அன்று கலிஃபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோ பகுதியை நிலநடுக்கம் உலுக்கியபோது, அங்கிருந்த ஆலிவ் வியூ மருத்துவமனையின் புதுக் கட்டடத்துக்குச் சில வாரங்கள்தான் வயது. அன்றைய விதிகளின்படி கட்டியதுதான். ஆனாலும் இடித்துத் தள்ள வேண்டிய அளவுக்குச் சிதைந்துவிட்டது. சூடுபட்ட பொறியாளர்கள் அதே இடத்தில் எஃகுத் தகடுச் சுவர்களை வைத்து, மலைபோல ஒரு கட்டடத்தை எழுப்பினார்கள். 1994 ஜனவரி 17 விடியற்காலையில் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்தது. தூண், சுவர், தளம் எதற்கும் பெரிய சேதமில்லை. ஆனால் உள்ளே தண்ணீர்க் குழாய்கள் உடைந்து தளமெங்கும் வெள்ளம். நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஊரே அடிபட்டுக் கிடக்கிற நாளில் மருத்துவமனை வேலை செய்யவில்லை என்றால், அது இடியாமல் நின்று யாருக்கு என்ன பயன்?

பேரிடரைத் தாங்கும் உட்கட்டமைப்பு என்ற பேச்சின் மையமே இந்தக் கேள்விதான். கட்டடம் தப்பினால் போதாது. அது செய்கிற வேலையும் தப்ப வேண்டும்.

உறுதியான கட்டடத்துக்குள் ஏன் அத்தனை சேதம்? விறைப்பான கட்டடம் தரையின் ஆட்டத்தை அப்படியே வாங்கி, மேலே போகப் போகப் பெருக்குகிறது. ஆலிவ் வியூவின் கூரையில் பதிவான அதிர்வு, தரையில் இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அதே காலையில், லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக (யூ.எஸ்.சி.) மருத்துவமனையில் கூரை தரையைவிடக் குறைவாகவே ஆடியது. அங்கே வேலை நிற்கவில்லை. காரணம், அந்தக் கட்டடம் நேராக அடித்தளத்தின்மேல் உட்காரவில்லை. இடையே ரப்பர்த் தாங்கிகள் இருந்தன.

ரப்பர் அடுக்கு ஒன்று, மெல்லிய எஃகுத் தகடு ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டிய தடித்த உருளையாக ஒரு தாங்கியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேலிருந்து அழுத்தினால், ரப்பர் பக்கவாட்டில் பிதுங்கிவிடாமல் தகடுகள் இறுக்கிப் பிடிக்கும். அதனால் முழுக் கட்டடத்தின் எடையையும் அசராமல் சுமக்கும். பக்கவாட்டில் தள்ளினால் மட்டும் இணங்கிக் கொடுக்கும். சின்னக் கட்டடம் இயல்பாக ஒருமுறை ஆடித் திரும்ப ஒரு விநாடிக்கும் குறைவான நேரமே எடுக்கும். கெட்டியான தரையில் நிலநடுக்க ஆட்டத்தின் தாளமும் பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது மாதிரி ஆகிவிடும். தாங்கி வைத்தால் ஆடும் நேரம் இரண்டு, மூன்று விநாடிகளாக நீள்கிறது; தரை கீழே படபடவென்று துடிக்க, மேலே கட்டடம் நிதானமாக அசைகிறது.

ஆனால் வெறும் ரப்பர் என்றால் ஆட்டம் சீக்கிரம் அடங்காது. அதற்குத்தான் நடுவில் ஓர் ஈய உருளை. ஈயம் எளிதில் நசுங்கும். நசுங்கும்போது அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடும். அப்புறம், அறை வெப்பநிலையிலேயே தன் படிக அமைப்பைத் தானே மீட்டுக்கொள்ளும். மறுநாள் இன்னொரு அதிர்வு வந்தாலும் அது தயார். இவ்வளவு மலிவான உலோகத்துக்கு இப்படியொரு குணம் வாய்த்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

ஈயம் வைத்த இந்த ரப்பர்த் தாங்கியைக் கண்டுபிடித்தவர் நியூசிலாந்தின் பில் ராபின்சன், காலம் 1970-கள். 1981-இல் வெலிங்டன் நகரில் ஓர் அரசுக் கட்டடம் இந்தத் தாங்கிகளின்மேல் எழுந்தது. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் குஜராத்தின் புஜ் நகர மருத்துவமனை இடிந்தபின், அதைத் திரும்பக் கட்டும்போது நியூசிலாந்து வல்லுநர்களின் உதவியோடு அங்கேயும் ஈய ரப்பர்த் தாங்கிகள் வந்தன. மாநாடுகளில் கைகுலுக்கும் படங்களைவிட, சர்வதேச ஒத்துழைப்பு என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் கறுப்பு உருளைகள்தான்.

சரி, அப்படியானால் எல்லா ஊரிலும் இதையே வைத்துவிடலாமே? முடியாது. 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரில் நடந்தது அதற்குச் சாட்சி. நிலநடுக்கத்தின் மையம் சில நூறு கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கரையில். ஆனால் நகரின் ஒரு பகுதி பழைய ஏரிப்படுகையின் களிமண்மேல் நிற்கிறது. அந்தக் களிமண் சுமார் இரண்டு விநாடிக்கு ஒருமுறை என்ற கணக்கில் மெதுவாக ஆடி, அதே தாளத்தில் ஆடக்கூடிய நடுத்தர உயரக் கட்டடங்களை வரிசையாகச் சாய்த்தது. அப்படிப்பட்ட மண்ணில் ஈய ரப்பர்த் தாங்கி வைத்தால், கட்டடத்தை நாமே ஆபத்தான தாளத்துக்குள் கொண்டுபோய் விடுகிறோம் என்று அர்த்தம். ஓர் ஊரில் காப்பாற்றியது இன்னோர் ஊரில் கவிழ்க்கும்.

ஆகவே, நாடுகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ள வேண்டியது கருவிகளை மட்டுமல்ல. எந்த மண், எந்தக் காற்று, எது எப்படி உடைந்தது என்ற பதிவுகளையும்தான். உண்மையில் இதுதான் கடினம். வென்றதைச் சொல்ல எல்லாருக்கும் வாய் வரும்; எங்கள் பாலம் ஏன் விழுந்தது என்று எழுதி அடுத்த நாட்டுக்காரரிடம் கொடுக்க யாருக்கும் மனம் வராது. பேரிடர் அபாயத்தைக் குறைக்க 2015-இல் ஜப்பானில் நடந்த ஐ.நா. மாநாட்டில் ஏற்கப்பட்ட செண்டாய் செயல்திட்டம், முக்கிய உட்கட்டமைப்புக்கு ஏற்படும் சேதத்தையும் அடிப்படைச் சேவைகள் தடைபடுவதையும் 2030-க்குள் கணிசமாகக் குறைப்பதை ஓர் இலக்காகவே வைத்திருக்கிறது. 2019 செப்டம்பரில் நியூயார்க்கில் ஐ.நா. பருவநிலை மாநாட்டின்போது, பேரிடர் தாங்கும் உட்கட்டமைப்புக்கான கூட்டணியை இந்தியா அறிவித்தது. தலைமையகம் டெல்லி. பல நாட்டு அரசுகளோடு உலக வங்கி போன்ற அமைப்புகளும் அதில் இருக்கின்றன. ஒரு நாட்டின் அனுபவத்தை இன்னொரு நாட்டின் வடிவமைப்பு விதியாக மாற்றித் தருவதுதான் இத்தகைய அமைப்புகளிடம் நாம் எதிர்பார்க்க வேண்டிய வேலை.

பணம் எங்கே என்ற கேள்வி வரும். ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் புதிதாகக் கட்டுபவற்றைத் தாங்குதிறனோடு கட்டினால், மொத்தச் செலவு ஏறக்குறைய 3 சதவீதம் கூடும் என்றும், அதில் போடும் ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாக 4 டாலர் பலன் கிடைக்கும் என்றும் 2019-இல் உலக வங்கி கணக்கிட்டது. இவ்வளவு லாபமென்றால் ஏன் எல்லாரும் செய்யவில்லை? செலவு இன்று ஒருவருடைய கணக்கில் ஏறுகிறது. பலன் இருபது வருடம் கழித்து வேறு யாருக்கோ போகிறது. நடக்காமல் போன விபத்துக்கு ரிப்பன் வெட்டவும் முடியாது.

தனியாகச் செய்யவே முடியாத நாடுகளும் உண்டு. 2022 ஜனவரி 15 அன்று தென் பசிபிக்கின் டோங்கா தீவுகளுக்கு அருகே கடலடி எரிமலை வெடித்தது. அந்த நாட்டை உலகத்தோடு இணைத்திருந்த ஒரே கடலடி கேபிள் அறுந்தது. ஒரு லட்சம் பேர் இருக்கும் நாடு, கேபிள் பழுதுபார்க்கும் கப்பலைச் சொந்தமாக வாங்கித் தயாராக வைத்திருக்க முடியாது. பப்புவா நியூகினியிலிருந்து கப்பல் வர வேண்டியிருந்தது. இணைப்பு திரும்ப ஐந்து வாரங்கள் ஆயின. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில், சிறு தீவு நாடுகளுக்கென்றே, இந்தியா அறிவித்த அந்தப் பேரிடர் தாங்கும் கூட்டணி ஒரு தனித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது.

டோங்காவின் தீவுகளை ஒன்றோடொன்று இணைத்த உள்நாட்டு கேபிளும் அதே நாளில்தான் அறுந்தது. அதைச் சீராக்க ஓர் ஆண்டுக்கும் மேல் ஆயிற்று.