நாற்பத்தெட்டுக்காரர்: ஆள்கணக்கா, ஆண்டுக்கணக்கா?

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் படிக்கும்போது ‘ஃபார்ட்டி எய்ட்டர்’ என்ற சொல் அடிக்கடி வரும். இதைத் தமிழாக்கும்போது ‘நாற்பத்தெண்மர்’ என்று எழுதத்தான் கை போகும், ஆனால் அது தப்பு. ஐவர் என்றால் ஐந்து பேர், அறுபத்து மூவர் என்றால் அறுபத்து மூன்று நாயன்மார்கள். தமிழில் எண்ணோடு இப்படி விகுதி சேர்ந்தாலே தலைக்கணக்கு ஆகிவிடும். இங்கே 48 என்பது 1848.

அந்த ஆண்டு ஜெர்மானிய நாடுகளில் அரசியல் சட்டமும் ஒன்றுபட்ட தேசமும் கேட்டு மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள், அடுத்த ஆண்டே படை வந்து நசுக்கியது. தோற்று வெளியேறியவர்களுக்கு ஜெர்மனில் ‘ஆக்டுண்ட்ஃபியர்ட்ஸிகர்’ என்று பெயர். ஆக்ட் எட்டு, ஃபியர்ட்ஸிக் நாற்பது, நடுவில் இருக்கும் உண்ட் நம்முடைய ‘உம்’, எட்டும் நாற்பதும். கடைசியில் வரும் ‘எர்’ நம் ‘காரர்’ மாதிரிதான்.

சரி, 1848 இல் அமெரிக்கா வந்தவர்களா? அதுவும் இல்லை. கார்ல் ஷுர்ஸையே பாருங்கள். பான் பல்கலைக்கழக மாணவர், கிளர்ச்சியில் சேர்ந்தவர். 1849 இல் கிளர்ச்சியாளர் கையில் இருந்த ராஸ்டாட் கோட்டை, அடக்க வந்த பிரஷ்ய அரசின் படையிடம் விழுந்தபோது, பிடிபட்டால் சுட்டுவிடுவார்கள் என்று இரண்டு பேருடன் சாக்கடைக் குழாய்க்குள் புகுந்து தப்பினார். மறு ஆண்டே துணிந்து திரும்பிப் போய், ஸ்பாண்டவ் சிறையில் கிடந்த தன் பேராசிரியர் கிங்கெலைக் காவலர் ஒருவரின் உதவியுடன் கயிறு கட்டி இறக்கி மீட்டார். அப்போது அவருக்கு வயது 21! அமெரிக்கா வந்தது 1852 இல்தான். அடிமைமுறையை எதிர்த்து 1860 இல் லிங்கனுக்காக ஜெர்மானியரிடம் ஓட்டுக் கேட்டார், ஸ்பெயினுக்குத் தூதராகப் போனார், அதை விட்டுவிட்டு வந்து உள்நாட்டுப் போரில் லிங்கன் பக்கப் படையில் சேர்ந்து கெட்டிஸ்பர்க் சண்டையில் தளபதியாக நின்றார். அப்புறம் 1869 இல் மிசூரியின் செனட்டர், 1877 முதல் 1881 வரை உள்துறை அமைச்சர். அவர் கேட்டு ஊரில் கிடைக்காத குடியாட்சி அமெரிக்காவில் இருந்தது, அதைக் காக்கத்தான் துப்பாக்கி எடுத்தார் என்று நான் நம்புகிறேன். அதனால்தான் இந்தச் சொல்லில் ‘புரட்சி’ தெரிய வேண்டும் என்கிறேன்.

முதல் தடவை வரும் இடத்தில் ‘1848 புரட்சியர்’ என்று எழுதலாம், பிறகு ‘நாற்பத்தெட்டுக்காரர்’ போதும். ‘ஃபார்ட்டி நைனர்’ வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர்கள் 1849 இல் தங்கம் தேடி கலிஃபோர்னியாவுக்குப் படையெடுத்தவர்கள், அங்கே எண் அவர்கள் வந்த ஆண்டையே குறிக்கும்.