டெக்சாஸில் பதிவு முகவரை மாற்றுதல்: சிறு நிறுவன உரிமையாளர்களுக்கான விளக்கம்

டெக்சாஸ் மாநிலத்தில் எல்.எல்.சி.யாகவோ (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனம்) கார்ப்பரேஷனாகவோ பதிவு பெற்ற ஒவ்வொரு நிறுவனமும், மாநிலத்துக்குள் ஒரு முகவரியையும், அந்த முகவரியில் தன் பெயருக்கு வரும் சட்ட ஆவணங்களைப் பெற்றுக்கொள்ள ஒருவரையும் எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்று அம்மாநிலத்தின் வணிக அமைப்புகள் சட்டத்தொகுப்பு விதிக்கிறது. அந்த ஒருவரைத்தான் ரெஜிஸ்டர்டு ஏஜென்ட், அதாவது பதிவு முகவர் என்கிறார்கள். டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் வட்டாரங்களில் சிறு தொழில் நடத்தும் தமிழர்களில் பலர், நிறுவனத்தைப் பதிவு செய்த நாளில் தங்கள் வீட்டு முகவரியையோ ஒரு நண்பரின் பெயரையோ அந்த இடத்தில் எழுதிவிட்டு, பிறகு அதை நினைப்பதே இல்லை. வீடு மாறினாலும், நண்பர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தாலும், ஆண்டுக் கட்டணம் வாங்கும் முகவர் தம் பொறுப்பிலிருந்து விலகினாலும் இந்தப் பதிவை மாற்றியாக வேண்டும். அதற்கான அரசுக் கட்டணம் 15 டாலர்தான். லாப நோக்கமற்ற அமைப்பு என்றால் 5 டாலர்.

இவ்வளவு சிறிய வேலையைத் தள்ளிப்போடுவதன் விளைவு சிறியதல்ல. நிறுவனத்தின் மீது யாராவது வழக்குத் தொடுத்தால் நீதிமன்ற அழைப்பாணை பதிவு முகவரிடம்தான் ஒப்படைக்கப்படும். அவர் கையில் அது சேர்ந்த நாளிலிருந்தே காலம் ஓடத் தொடங்கிவிடும். உரிமையாளருக்கு அது எப்போது தெரிந்தது என்பதைப் பொறுத்துக் கெடு நீளாது. டெக்சாஸ் மாவட்ட நீதிமன்றங்களில், ஆவணம் சேர்ந்து 20 நாள் கழிந்த பின் வரும் திங்கட்கிழமை காலை 10 மணிக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். 20,000 டாலர் வரையிலான தொகைக்கான வழக்குகளைக் கேட்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில், சிறு கடைகள் மீதான பாக்கி வழக்குகள் பெரும்பாலும் வந்து நிற்கும் இடத்தில், அவகாசம் 14 நாள் மட்டுமே. முகவர் பழைய முகவரியில் இல்லை, உரிய முயற்சி எடுத்தும் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், வழக்குத் தொடுத்தவர் காத்திருக்க வேண்டியதில்லை. நிறுவனப் பதிவேட்டை வைத்திருக்கும் அதிகாரியான மாநிலச் செயலரையே (செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்) நிறுவனத்தின் முகவராகக் கருதி அவரிடம் ஆவணத்தைக் கொடுக்கச் சட்டம் வழிவிடுகிறது. அவரது அலுவலகம் அதைப் பதிவேட்டில் உள்ள முகவரிக்கு அனுப்பிவைக்கும். அந்த முகவரியும் பழையதாக இருந்தால், பதில் வரவில்லை என்று நிறுவனத்தின் தரப்பைக் கேட்காமலே அதற்கு எதிராக ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வரலாம். நம் ஊர் நீதிமன்றங்களில் 'எக்ஸ் பார்ட்டி ஆகிவிட்டது' என்பார்களே, ஏறக்குறைய அதே நிலைதான். அதை நீக்கக் கேட்டு வழக்கறிஞரிடம் போகும் செலவோடு ஒப்பிட்டால் 15 டாலர் ஒன்றுமே இல்லை.

யார் பதிவு முகவராக இருக்கலாம் என்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. டெக்சாஸில் வசிக்கும் தனிநபர் இருக்கலாம்; அல்லது டெக்சாஸில் பதிவு பெற்ற அல்லது அங்கே தொழில் செய்ய அனுமதி பெற்ற வேறொரு நிறுவனம் இருக்கலாம். நிறுவனம் தனக்குத் தானே முகவராக இருக்க முடியாது. ஆனால் அதன் உரிமையாளர் டெக்சாஸில் வசிப்பவராக இருந்தால் அவர் தம் பெயரிலேயே இருக்கலாம், அதற்குத் தடையில்லை. இந்தியாவுக்குத் திரும்பிவிட்ட ஒருவர் தம் எல்.எல்.சி.யை அங்கிருந்தபடியே தொடர்ந்து வைத்திருக்கலாம் என்றாலும், முகவராகத் தொடர முடியாது. முகவரி டெக்சாஸில் உள்ள தெரு முகவரியாக இருக்க வேண்டும். தபால் பெட்டி எண் மட்டும் செல்லாது. கடிதம் வாங்கிவைக்கும் சேவையோ, தொலைபேசியில் பதில் சொல்லும் சேவையோ மட்டும் நடக்கும் இடமும் செல்லாது. வழக்கமான வேலை நேரத்தில் ஒருவர் வந்து ஆவணத்தை நேரில் கொடுக்கக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். வீட்டு முகவரியைக் கொடுப்பவர்கள் ஒன்றை யோசித்துக்கொள்வது நல்லது: இந்தப் பதிவு யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவு. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வேலை நாளின் நடுவில் அழைப்பாணையுடன் ஒருவர் வந்து நிற்பதை விரும்பாதவர்கள், கட்டணம் வாங்கும் முகவர் நிறுவனத்தை அமர்த்திக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

புதிய முகவரின் சம்மதத்தை முதலில் எழுத்திலோ மின்னணு வடிவிலோ பெற வேண்டும். 2010 முதல் இது சட்டப்படி கட்டாயம். 'நம்ம ஆள்தானே, பிறகு சொல்லிக்கொள்ளலாம்' என்று கேட்காமல் ஒருவர் பெயரை எழுதிவிடக் கூடாது. சம்மதப் படிவத்துக்கு 401-ஏ என்று எண். அதை அரசுக்கு அனுப்ப வேண்டியதில்லை, நிறுவனத்தின் கோப்பில் வைத்துக்கொண்டால் போதும்.

அரசிடம் தாக்கல் செய்வது படிவம் 401. ஆஸ்டினில் உள்ள மாநிலச் செயலர் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பலாம். எஸ்ஓஎஸ் டைரக்ட் என்ற அதன் இணையச் சேவை வழியாகவும் தாக்கல் செய்யலாம். நிறுவனத்தின் பெயர், கோப்பு எண், புதிய முகவரின் பெயர், புதிய பதிவு முகவரி, மாற்றம் எப்போது நடைமுறைக்கு வர வேண்டும் என்ற விவரம், அதிகாரம் பெற்றவரின் கையெழுத்து ஆகியவையே அதில் கேட்கப்படுகின்றன. நோட்டரி சான்று தேவையில்லை. தாக்கலான நாளிலேயே நடைமுறைக்கு வரச் செய்யலாம், அல்லது 90 நாளுக்கு மேற்படாத பிந்தைய தேதி ஒன்றைக் குறிப்பிடலாம். கோப்பு எண் என்பது மாநிலச் செயலர் கொடுத்த எண். மாநில வரிக்கான 11 இலக்க எண்ணையோ கூட்டாட்சி வரித்துறை கொடுத்த 9 இலக்க எண்ணையோ அந்த இடத்தில் எழுதக் கூடாது. முகவர் மாறாமல் அவரது முகவரி மட்டும் மாறினாலும் நிறுவனம் இதே படிவத்தைப் பயன்படுத்தலாம். இந்த மாற்றத்துக்காக, நிறுவனத்தைத் தொடங்கியபோது தாக்கல் செய்த உருவாக்கச் சான்றிதழைத் தனியே திருத்த வேண்டியதில்லை.

பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆண்டும் மே 15-க்குள், மாநில வரிகளைக் கவனிக்கும் டெக்சாஸ் கம்ப்ட்ரோலர் அலுவலகத்துக்குப் பொதுத் தகவல் அறிக்கை ஒன்றை நிறுவனங்கள் கொடுக்கின்றன. அதில் பதிவு முகவருக்கும் ஓர் இடம் இருப்பதால், புதிய பெயரை அங்கே எழுதினால் வேலை முடிந்தது என்று நினைப்பது இயல்பு. ஆனால் முகவரை மாற்ற மாநிலச் செயலரிடம் தனியே தாக்கல் செய்ய வேண்டும் என்று அந்தப் படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. அச்சு பொடியாக இருப்பதால் கண்ணில் படுவதில்லை. இரண்டும் வெவ்வேறு அலுவலகங்கள். ஒன்றில் சொன்னதை மற்றொன்று தன் பதிவில் ஏற்றிக்கொள்ளாது. கூட்டாட்சி வரித்துறையிடம் தொழில் முகவரியை மாற்ற 8822-பி என்ற படிவம் இருக்கிறது, அதுவும் தனி வேலை.

முகவர் தாமே விலகிக்கொள்ளவும் உரிமை உண்டு. அவர் நிறுவனத்துக்கும் மாநிலச் செயலருக்கும் அறிவிக்க வேண்டும். மாநிலச் செயலருக்கு அந்த அறிவிப்பு கிடைத்த 31-ஆம் நாளில் அவரது பொறுப்பு முடிந்துவிடும். ஆண்டுக் கட்டணத்தை நிறுத்திவிட்ட வாடிக்கையாளரிடமிருந்து முகவர் நிறுவனங்கள் இப்படித்தான் விலகுகின்றன. அதற்குள் புதிய முகவரை நியமிக்காத நிறுவனம் முகவரே இல்லாத நிலைக்கு வந்துவிடுகிறது. மாநிலச் செயலர் அறிவித்த பின்னும் அதைச் சரிசெய்யாவிட்டால் நிறுவனத்தின் பதிவையே முடித்துவைக்க அவருக்கு அதிகாரம் உண்டு. முகவருடனான ஒப்பந்தத்தை ரத்து செய்வதால் மட்டும் அரசுப் பதிவேட்டில் பெயர் மாறுவதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். எனவே புதிய முகவரின் சம்மதம், படிவம் 401 தாக்கல், பதிவு மாறியதை உறுதிசெய்தல், அதன் பிறகே பழையவரை விடுவித்தல் என்ற வரிசை மாறாமல் இருப்பது நல்லது. இரண்டு முகவர்களுக்கும் ஒரு மாதம் சேர்த்துக் கட்டணம் கட்ட நேர்ந்தாலும் அது வீண் செலவாகாது.

பதிவு மாறியதா என்று பார்க்க எஸ்ஓஎஸ் டைரக்டில் ஒரு தேடலுக்கு 1 டாலர் கட்டணம்; கம்ப்ட்ரோலர் அலுவலகத்தின் நிறுவனத் தேடல் பக்கத்தில் முகவரின் பெயரையும் பதிவு முகவரியையும் இலவசமாகவே பார்க்கலாம். தாக்கலுக்குப் பின் சில வாரங்களில், அரசு முத்திரை போன்ற ஒன்றை அச்சிட்டுக்கொண்டு, 'இணக்கக் கட்டணம்' என்று நூறு டாலருக்கு மேல் கேட்கும் தனியார் கடிதங்கள் வரக்கூடும். முகவரை மாற்றியதற்காக மாநிலத்துக்குச் செலுத்த வேண்டியது ஏற்கெனவே செலுத்திய 15 டாலரோடு முடிந்துவிட்டது. அந்தக் கடிதங்களுக்குப் பணம் அனுப்ப வேண்டியதில்லை.

புதிய முகவரிடம் உரிமையாளரின் இப்போதைய அஞ்சல் முகவரியையும் மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் எழுத்தில் கொடுத்துவைக்க வேண்டும். சட்டம் அவரிடம் எதிர்பார்ப்பது, வந்த ஆவணத்தை நிறுவனம் கொடுத்த முகவரிக்கு அனுப்பிவைப்பதை மட்டும்தான். வழக்குக்குப் பதில் சொல்வதோ கெடுவை நினைவூட்டுவதோ அவர் கடமையல்ல. நிறுவனம் ஓக்லஹோமா, லூசியானா போன்ற வேறு மாநிலங்களிலும் பதிவு பெற்றிருந்தால், டெக்சாஸில் செய்த மாற்றம் அங்கே செல்லாது. அந்தந்த மாநிலத்துக்கென ஒரு முகவர் பதிவாகியிருப்பார், அவரை மாற்ற அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.