ஐசியூவில் கணினி போடும் கணக்கும் கட்டிலருகே இருக்க வேண்டிய இஞ்ச் டேப்பும்

சில ஆண்டுகளுக்கு முன், என் இரவுப் பணியின்போது, கடும் நுரையீரல் தொற்றோடு வந்த ஓர் அம்மாவை வென்டிலேட்டரில் வைத்தோம். மூச்சு ஒன்றுக்கு 342 மில்லி காற்று போதும் என்று எங்கள் ஐசியூவின் மென்பொருள் பரிந்துரைத்தது, அப்படியே வைத்தேன். மறுநாள் காலைப் பணிக்கு வந்த மூத்த செவிலியர், "சார், இந்த அம்மா 165 செ.மீ. உயரம் இருக்க மாட்டாங்களே" என்று சொல்லி, கட்டிலைச் சமமாக்கி, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை இஞ்ச் டேப்பைப் பிடித்து அளந்தார். 150 செ.மீ. தான் இருந்தது. அனுமதியின் அவசரத்தில் யாரோ குத்துமதிப்பாகப் போட்ட உயரத்தை வைத்து மென்பொருள் பிசகில்லாமல் கணக்குப் போட்டிருந்தது. சரியான உயரத்துக்கு வர வேண்டிய அளவு 260 மில்லி. கிலோவுக்கு 6 மில்லி என்று திரை காட்டியதை நம்பி, இரவு முழுவதும் ஏறத்தாழ 8 மில்லி கொடுத்திருக்கிறோம்.

இங்கே கிலோ என்பது தராசு காட்டும் எடை அல்ல. உயரத்தையும் பாலினத்தையும் கொண்டு கணிக்கப்படும் எடை. உடல் பருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை என்பதே காரணம். ஏ.ஆர்.டி.எஸ். எனப்படும் கடும் நுரையீரல் பாதிப்பில் பெரும்பகுதி நீர் கோத்துக் கிடக்க, எஞ்சிய சிறு பகுதிதான் காற்று முழுவதையும் தாங்குகிறது. அளவு கூடினால் அந்தப் பகுதியும் விரிந்து புண்படும். அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், கிலோவுக்கு 12 மில்லி பெற்றவர்களில் 39.8 விழுக்காட்டினரும், 6 மில்லி பெற்றவர்களில் 31 விழுக்காட்டினரும் இறந்தார்கள்.

இதற்காக மென்பொருளே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு, கண் எரிய நிற்கும் மருத்துவரின் மனக்கணக்கைவிட அது நம்பகமானது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி நகரிலுள்ள எல்.டி.எஸ். மருத்துவமனை ஐசியூவில், ஆன்டிபயாடிக் தேர்வுக்குக் கணினி உதவியதால் ஒவ்வாமை உள்ள மருந்துகளை எழுதுவதும் அளவு மீறிக் கொடுப்பதும் குறைந்ததை 1998-லேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால், ஓரிடத்தில் உருவான கருவி நம் வார்டிலும் அப்படியே பலிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. செப்சிஸ் என்பது தொற்று முற்றி உடல் உறுப்புகளையே பாதிக்கும் நிலை. அதை முன்கூட்டியே எச்சரிக்க, மருத்துவமனைப் பதிவு மென்பொருள் செய்யும் அமெரிக்க நிறுவனமான எபிக் உருவாக்கிய மென்பொருளை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் 38,455 அனுமதிகளில் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். அனுமதியானவர்களில் 18 விழுக்காட்டினருக்கு எச்சரிக்கை எழுப்பிய அது, செப்சிஸ் வந்தவர்களில் 67 விழுக்காட்டினரைக் கோட்டைவிட்டிருந்தது. வீண் எச்சரிக்கைகளால் காது மரத்துப்போகும் செவிலியரை நான் குறை சொல்ல மாட்டேன். எச்சரிக்கை எழாததை நம்பி நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் விடுவதுதான் எனக்கு அதைவிடக் கவலை தருகிறது.

எங்கள் பிரிவில் இப்போது வென்டிலேட்டர் வண்டியிலேயே ஓர் இஞ்ச் டேப் கட்டியிருக்கிறோம். அளந்தவர் பெயரும் நேரமும் இல்லாத உயரத்தைக் காலைச் சுற்றில் நாங்கள் ஏற்பதில்லை. கால்கள் மடங்கி நீட்ட முடியாதவர்களுக்கு, முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டு எலும்பு வரை அளந்து, அதிலிருந்து உயரத்தைக் கணித்துக்கொள்கிறோம்; இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை.