மெஷின் சொன்னால் விசாரிக்க வேண்டாமா?

கிரிமினல் வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் வாதாடுகிறேன். கூண்டில் ஏறும் சாட்சியைத் துருவித் துருவிக் கேட்கிற நாங்களே, டவர் லொகேஷன் அறிக்கை மேசைக்கு வந்ததும் கொஞ்சம் அடங்கிப்போகிறோம், கம்ப்யூட்டர் கொடுத்ததாயிற்றே!

அந்த அறிக்கை காட்டுவது போன் எந்த டவரோடு தொடர்பில் இருந்தது என்பதை மட்டும்தான். டவரின் எல்லை நகரத்தில் சில நூறு மீட்டராக இருக்கும், வெளியே போனால் பல கிலோமீட்டர்கூட ஆகும், நெரிசல் என்றால் தள்ளியிருக்கிற டவருக்கும் போன் தாவும், அப்புறம் அது யார் கையில் இருந்தது என்பது வேறு கேள்வி. டென்மார்க்கில், தொலைபேசி நிறுவனங்கள் தந்த தரவைப் போலீஸின் மென்பொருள் மாற்றும்போது சில அழைப்புகள் விடுபட்டுப்போனது 2019இல் வெளியே வந்தது. 2012 முதலான சுமார் 10,700 வழக்குகளை மறுபடி புரட்டினார்கள், இரண்டு மாதம் அந்தத் தரவை நீதிமன்றத்தில் காட்டவே முடியவில்லை, விசாரணைக் காவலில் இருந்த 32 பேர் விடுவிக்கப்பட்டார்கள். நிறுவனம் கொடுத்த மூலத் தரவையே கேளுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

முக அடையாள மென்பொருளும் ‘இவர்தான்’ என்று சொல்வதில்லை. சாயல் உள்ளவர்களை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும், அவ்வளவுதான். உண்மையான ஆளின் படம் தரவுத்தளத்திலேயே இல்லாவிட்டாலும் யாராவது ஒருவர் முதலிடத்துக்கு வந்துவிடலாம். அந்தப் படத்தைச் சாட்சியிடம் காட்டினால், சாயலைப் பார்த்துத் தேர்ந்த முகமல்லவா, அவரும் ‘ஆமாம்’ என்பார். கோப்பில் இரண்டு ஆதாரம் ஏறும். யோசித்தால் ஒன்றேதான். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 2020இல் ஒருவர் தவறாகக் கைதான வழக்கில், அடையாளம் காட்டியவர் திருட்டை நேரில் பார்த்தவரே இல்லை, கேமரா பதிவைப் பார்த்தவர்! மென்பொருளின் முடிவை மட்டும் வைத்தோ, அதிலிருந்து நேரே உருவாக்கிச் சாட்சியிடம் காட்டும் படவரிசையை வைத்தோ கைது செய்வதில்லை என்று 2024இல் அந்தப் போலீஸ் ஒப்புக்கொண்டது. முதலிடத்துப் படம் மட்டும் போதாது, முழுப் பட்டியலும் வேண்டும் என்று மனுப் போடுங்கள்.

இதே தரவு நிரபராதியையும் காப்பாற்றும், ஆனால் சிசிடிவி காத்திருக்காது. பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டி நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். உங்கள் வீட்டு ஆள் சந்தேக வளையத்தில் வந்தால், அவர் அன்று போன இடங்களின் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி உடனே எழுத்தில் கொடுங்கள். சரி, பதிவு கிடைத்துவிட்டதா? அந்த டிவிஆரின் கடிகாரத்தையும் சரியான நேரத்தையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் முன்னே பின்னே ஓடுகிற கடிகாரம் ஒன்றும் அதிசயமில்லை.