ஆர்சிசிபி சும்மா விழுவதில்லை

“மெஷின்ல ஒண்ணும் இல்ல சார், இந்த ஆர்சிசிபிதான் டூப்ளிகேட்.” எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச்தான் ஆர்சிசிபி. அது விழும்போதெல்லாம் (ட்ரிப் ஆகும்போதெல்லாம்) கோவைப் பக்கத்துப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கிற வசனம் இது. சொன்ன கையோடு ஒரு துண்டு ஒயரால் அதைத் தாண்டி ‘டைரக்ட்’ கொடுத்துவிடுவார்கள். மெஷின் ஓடும். எர்த் அறுந்த அன்றைக்கு பாடியில் கை வைக்கும் ஆளுக்குத்தான் பிரச்சினை.

ட்ரிப் ஆகிறது என்றால் நான் முதலில் கேட்பது, எப்போது ஆகிறது என்பதைத்தான். மெயின் போட்டவுடனேயா? அப்படியானால் மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவுக்குள், மின் இரைச்சலை அடக்க இருக்கும் ஃபில்டரைச் சந்தேகிக்கலாம். அதன் கெப்பாசிட்டர்கள் எர்த்தோடு சேர்ந்தவை. மூன்று பேஸும் மிகச்சரியாக ஒரே கணத்தில் ஒட்டாததால் ஒரு வீச்சு கரண்ட் எர்த்துக்குப் போகும். சற்றே தாமதித்து விழும் வகை ஆர்சிசிபி இதைத் தாங்கும். மழைக்காலத்துக் காலையில் மட்டும் விழுகிறதா? மோட்டாரின் டெர்மினல் பாக்ஸைத் திறந்து ஈரம் பாருங்கள். இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகரில் 1 மெகா ஓமாவது காட்ட வேண்டும். டிரைவைக் கழற்றிவிட்டு மெகர் போடுங்கள், இல்லையென்றால் டிரைவுக்கும் சேர்த்துச் செலவு வரும்.

ஓடும்போது விழுவதுதான் அதிகம் குழப்பும். ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் டிரைவ் வைத்த மூன்று மெஷின்கள் ஒரே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியில் இருந்தன. எர்த் ஒயரை வெளியே விட்டு, மூன்று பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து கசிவை அளக்கும் லீக்கேஜ் கிளாம்ப்புக்குள் விட்டோம். முதல் மெஷினுக்கு 8 மில்லி ஆம்பியர், இரண்டாவதும் சேர்ந்ததும் 15. மூன்றாவதை ஸ்டார்ட் செய்ததும் ‘டப்’. மெஷின் எதிலும் பழுதில்லை, ஆர்சிசிபியிலும் இல்லை. 30 என்று எழுதியிருந்தாலும் 15-ஐத் தாண்டினால் எப்போது வேண்டுமானாலும் அது விழலாம், தரநிர்ணயமே அப்படித்தான். மெஷினுக்கு ஒன்றாகப் பிரித்துப் போட்டதும் தொல்லை நின்றது. மோட்டார் கேபிள் நீளமாக இருந்தால் கசிவைக் குறைக்க டிரைவின் கேரியர் ஃப்ரீக்வென்சியை (அது உள்ளே ஸ்விட்ச் ஆகும் வேகத்தை) இறக்கியும் பார்க்கலாம். மோட்டார் கொஞ்சம் ‘கீய்’ என்று கத்தும், அவ்வளவுதான்.

“30-ஐ எடுத்துட்டு 300 போட்டேன், சரியாயிடுச்சு” என்பவர்களும் உண்டு. 300 தீவிபத்தைத் தடுக்கத்தான் உதவும். லைவைத் தொட்டுவிட்ட ஆளை அது காப்பாற்றாது. எர்த் பக்காவாக உள்ள நிலையான மெஷினுக்கு அது போதலாம். கிரைண்டரும் டிரில்லும் சொருகுகிற சாக்கெட்டுக்கு 30-தான்.

விழுகிற ஆர்சிசிபியை விட, விழாமலே இருப்பதைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். த்ரீ பேஸ் டிரைவுக்குள் லீக் ஆனால் எர்த்துக்குச் சீரான டிசி கரண்ட் போகலாம். கடையில் மலிவாகக் கிடைக்கும் ‘ஏசி’ டைப்புக்கு அது தெரியாது. அதோடு உள்ளே கசிவை உணரும் காந்த வளையம் (கோர்) நிறைந்துபோய், உண்மையான ஏசி லீக்கேஜ் வந்தாலும் சும்மா இருந்துவிடும். அங்கே டிசி கசிவையும் உணரும் ‘பி’ டைப் வேண்டும். விலையைச் சொன்னால் முதலாளி முகம் மாறும், வேறு வழியில்லை.

எர்த்தையும் விட்டுவிடாதீர்கள். சாதாரண ஓட்டத்திலேயே 3.5 மில்லி ஆம்பியருக்கு மேல் கசியும் டிரைவுக்கு 10 சதுர மில்லிமீட்டர் காப்பர் எர்த், அல்லது இரண்டாவதாகத் தனி எர்த் ஒயர் என்று தரநிர்ணயத்தில் கேட்கிறார்கள். எந்த டைப் ஆர்சிசிபி என்பதும் டிரைவ் மேனுவலிலேயே இருக்கும். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.