படுத்திருக்கும் எல்க்கை எழுப்பாதீர்கள்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் வழிகாட்டியாக இருக்கிறேன். மத்தியானம் வண்டியை விட்டு இறங்கும் நம் குடும்பங்கள் முதலில் கேட்பது, "எல்க் எங்கே?" மரநிழலில் அந்தப் பெரிய மான் படுத்திருப்பதைக் காட்டினால், "சும்மாதானே படுத்திருக்கு, கிட்டே போய் ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" அந்தச் 'சும்மா'வுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எல்க் நம் காஷ்மீரத்து ஹங்குல் மானுக்கு நெருங்கிய சொந்தம், மாட்டைப் போலவே அசைபோடும் விலங்கு. விடிகாலையிலும் பொழுது சாயும்போதும் திறந்த புல்வெளிக்கு வந்து, தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தபடி வேகமாக மேய்ந்துவிட்டு, வெயில் ஏறியதும் மரங்களுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். மேய்ந்த புல் உடம்பில் சேர்வதற்கான வேலை அங்கேதான் நடக்கிறது. தொலைநோக்கியில் கழுத்தைப் பாருங்கள். ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஏறும், தாடை பக்கவாட்டில் அரைக்கும், விழுங்கும், சில நொடி கழித்து அடுத்த உருண்டை. தொழுவத்தில் மாட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

அந்தத் தாடை சட்டென்று நின்று, காதுகள் உங்கள் பக்கம் திரும்பினால், நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள். மெதுவாகப் பின்வாங்குங்கள். எழுந்து நின்றுவிட்டால் அதன் ஓய்வு கெட்டது என்றே அர்த்தம். பூங்கா விதிப்படி 23 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். நான் அதைவிடத் தள்ளியே நிறுத்துவேன்.

குளிர்காலத்தில் இது உயிர்ப்பிரச்சினை. கோடையில் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் வசந்தம் வரை தாக்குப்பிடிக்க வேண்டும், பல பெண் எல்க்குகள் வயிற்றில் குட்டியோடு இருக்கும். அதனால் வெயில் விழும் தெற்குச் சரிவாகப் பார்த்துப் படுத்து, முடிந்தவரை அசையாமல் கிடக்கும். ஒருமுறை அப்படி ஒரு படுக்கையைக் கண்டேன். உடல்சூட்டில் பனி உருகி நீள்வட்டக் குழியாகி, ஓரங்களில் நாலைந்து பழுப்பு மயிர் ஒட்டியிருந்தது. அதை நோக்கி ஒரு மனிதக் காலடித்தடம், அங்கிருந்து முழங்கால் ஆழப் பனியில் மேட்டை நோக்கித் தாவி ஓடிய குளம்புத்தடம். இன்னும் மனசு ஆறவில்லை.

மே கடைசியிலும் ஜூனிலும் இன்னொன்று. புதரடியில் புள்ளி போட்ட குட்டி தனியாகச் சுருண்டு கிடக்கும். "ஐயோ, தாயில்லாப் பிள்ளை மாதிரி கிடக்கே" என்று ஒரு பாட்டி தூக்கவே போய்விட்டார். தாய் எங்கும் போகவில்லை; தூரத்தில் மேய்ந்துவிட்டு வந்து பால் கொடுக்கும். குட்டிக்கு ஒளிந்து கிடப்பதுதான் பாதுகாப்பு. கிட்டே போனால் தாய் பாய்ந்து வந்து முன்னங்காலால் உதைக்கும், 200 கிலோவுக்கு மேல் எடை.

செப்டம்பரில் இணைசேரும் காலம் வந்தால் ஆண் எல்க்குகளுக்குச் சரியான மேய்ச்சலும் இல்லை, ஓய்வும் இல்லை. கார்களையே முட்டியிருக்கின்றன. அப்போது வண்டிக்குள்ளேயே இருங்கள்.

கோடையில் காலை ஐந்தரைக்குக் கிளம்பலாம் என்றால் பலரும் சலித்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில்தான் அவை தாமாகவே வெளியில் நின்று மேய்கின்றன, சீட்டில் உட்கார்ந்தபடியே ஆசைதீரப் பார்க்கலாம்.