கத்தி எடுத்த அன்றைய மனசு

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் ஒருவனைக் கேவலப்படுத்த "தஞ்சோங் ரம்புத்தான் கேஸு" என்றால் போதும். 1911-இல் தஞ்சோங் ரம்புத்தானில் திறந்த மனநல மருத்துவமனைதான் இன்றைய பஹாகியா. அங்கிருந்து கோர்ட்டுக்கு வந்த ஒரு பையனைப் பற்றி ஒட்டுக்கடையில் கேட்ட பேச்சு எனக்கு ஆறவே இல்லை: "பாராங் கத்திய எடுத்துக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர வெட்டப் போனவன், எவ்ளோ நிதானமா நிக்கிறான் பாத்தியா? நடிக்கிறான் மச்சான்."

அந்த நிதானம் மருந்து கொடுத்தது.

மனச்சிதைவு நோயில் மூளையின் சில பகுதிகளில் டோபமின் அளவுமீறிச் சுரக்கிறது. 'இதைக் கவனி' என்று குறி போடும் ரசாயனம் அது. குறி கண்டபடி விழுந்தால், பக்கத்து வீட்டில் இருமினாலும் தனக்கு எதிரான ஜாடையாகத் தோன்றும். தன் எண்ணமே வேறொருவர் குரலாகக் கேட்கும். இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் யாரையும் தொடமாட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மருந்து, டோபமின் போய் ஒட்டும் இடங்களை அடைக்கிறது. எண்ணெய் கலந்த ஊசி சதையில் தங்கி, வாரக்கணக்கில் மெல்லக் கசியும். கோர்ட்டு நாளுக்குள் குரல்கள் பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

அதனால்தான் சட்டம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்கிறது. இன்று அவனுக்கு வழக்கு புரிகிறதா? சந்தேகம் இருந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 342-ஆம் பிரிவின்படி ஒரு மாதம் வரை மருத்துவமனையில் வைத்துப் பார்க்கலாம்; போதாவிட்டால் இன்னும் இரண்டு மாதம். கத்தி எடுத்த அன்று, தான் செய்வது என்ன, அது தப்பு என்பது தெரிந்திருந்ததா? இது தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு. 1843-இல் இங்கிலாந்தில் மெக்நாட்டன் வழக்கையொட்டி வந்த விதியின் வழி. நோய் இருந்தது என்றால் மட்டும் போதாது, அந்த அறிவையே அது பறித்திருக்க வேண்டும். பறித்திருந்தால் குற்றவாளி இல்லை. ஆனாலும் போவது வீட்டுக்கு அல்ல, எத்தனை வருஷம் என்று எழுதாத காவலுக்கு.

போன மாதத்து மனசை இன்று எப்படிப் பார்ப்பது? தூங்குகிறானா, யாரும் இல்லாதபோதும் காற்றோடு பேசுகிறானா என்று வார்டில் குறித்துக்கொண்டே இருப்பார்கள். பழைய சாட்சி வீட்டில் இருக்கும். அவனுடைய அம்மா பிளாஸ்டிக் பையிலிருந்து கிளினிக் அட்டையை எடுத்துக் காட்டினார். மடிப்பில் கிழிந்திருந்தது. மாதாமாதம் ஊசி போட்ட தேதி நீல மையில். கடைசி மூன்று கட்டம் காலி. அந்த மூன்று மாதமும் மந்திரிக்கக் கூட்டிப்போனார்களாம்.

"இது எதுக்கு இனிமேன்னு தூக்கிப் போடப் பாத்தேன் தம்பி."

"போட்றாதீங்க அக்கா. இன்னைக்கே வக்கீல்கிட்ட குடுங்க."